தைலம் தேச்சா சில்லுனு ஆகுறது ஏன்? டி.ஆர்.பி.எம்.8 ஜீன முதல்ல இருந்து பாப்போம்

ஊட்டி சேரிங் கிராஸ் பக்கத்துல எங்க சித்தி தைலக்கடை வெச்சிருக்காங்க, சீசன் டைம்ல நானும் போய் உக்காருவேன். சின்ன கடைதான். யூகலிப்டஸ் தைலம், விண்டர்கிரீன் தைலம், புல்தைலம், கிராம்புத் தைலம்னு வரிசையா பாட்டில் இருக்கும், வர்றவங்க புறங்கையில ஒரு சொட்டு விட்டு தேச்சு மோந்து பாக்கச் சொல்வோம். அந்த ஒரு சொட்டுக்கு அப்புறம் வர்ற பேச்சு இருக்கே, வருஷக்கணக்கா அதே பேச்சுதான். "இது உடம்பு சூட்ட அப்படியே இழுத்துருமாமே?" "மூக்கடைப்பு ஒரே நிமிஷத்துல திறந்துருமாம்ல?" "உங்களுக்கென்னங்க, மலையில பொறந்தவங்க, குளிர் தாங்குற ஜீன் ரத்தத்துலயே ஊறிப்போயிருக்கும்."

மூணுலயும் ஒரு துளி உண்மை இருக்கு, மிச்சமெல்லாம் தப்பு. நான் உயிர்வேதியியல் படிச்சவ, அதனால இந்த மூணு பேச்சுக்கும் பின்னாடி நிக்கிறது ஒரே ஆளுதான்னு தெரியும்: டி.ஆர்.பி.எம்.8னு ஒரு ஜீன், அந்த ஜீன வெச்சு உடம்பு செய்யிற ஒரு புரோட்டீன். கடையில நின்னுக்கிட்டே ரெண்டு நிமிஷத்துல இத சொல்லி முடிக்க முடியல, பாதியில ஆளு பஸ்ஸுக்கு ஓடிருவாங்க. அதான் உக்காந்து முழுசா எழுதுறேன். பயாலஜி பத்தாவதோட விட்டவங்களுக்கும் புரியணும், அதுதான் கணக்கு.

இரும்பு கேட்டும் மரக்கதவும்

ஜனவரி மாசம் விடியக்காலை, தலைகுந்தா பக்கம் புல்லு மேல உறைபனி உப்பு தூவுன மாதிரி வெள்ளையா கிடக்கும். ராத்திரி முழுக்க அந்தக் குளிர்லயே நின்ன ரெண்டு பொருள எடுத்துக்கோங்க, வீட்டு முன்னாடி இரும்பு கேட்டு, அதுக்குப் பின்னாடி மரக்கதவு. கேட்ட தொட்டா விரல் சுருக்குங்குது, கதவத் தொட்டா அந்தளவுக்கு இல்ல. ஆனா தெர்மாமீட்டர் வெச்சுப் பாத்தா ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே டிகிரிதான் காட்டும்.

ஏன்னா இரும்பு நம்ம விரல்ல இருக்குற சூட்ட வேகமா உறிஞ்சிக்குது, விரலோட தோல் சட்டுனு குளிர்ந்து போகுது. மரம் மெதுவாத்தான் உறிஞ்சும், தோல் அவ்வளவு சீக்கிரம் குளிராது. அப்போ "கேட்டு எவ்வளவு குளிரா இருக்கு"ங்கிறது நம்ம உடம்புக்குத் தெரியிறதே இல்ல, "என் தோல் இப்போ எவ்வளவு குளிர்ந்திருக்கு"ங்கிறது மட்டும்தான் தெரியுது. தோலுக்குள்ள யாரோ உக்காந்து அத பாத்துக்கிட்டு மூளைக்குத் தகவல் அனுப்புறாங்க.

இன்னொன்னு வீட்லயே செஞ்சு பாக்கலாம். ஒரு கையில சானிடைசர் தடவுங்க, இன்னொரு கையில புதினா வாசம் அடிக்கிற தலைவலி பாம் தடவுங்க. ரெண்டும் சில்லுனு இருக்கும். சானிடைசர்ல இருக்குற ஸ்பிரிட் ஆவியாகுறப்ப தோல்ல இருந்து சூட்ட எடுத்துக்கிட்டுப் போகுது, அது நெசமான குளிர்ச்சி. பாம் போட்ட இடத்த கொஞ்ச நேரம் கழிச்சு வேற யாரையாவது புறங்கையால தொட்டுப் பாக்கச் சொல்லுங்க, "சும்மா சாதாரணமாத்தானே இருக்கு"ம்பாங்க. உங்களுக்கு மட்டும் ஐஸ் வெச்ச மாதிரி இருக்கும். அந்த எடத்துல தோல் குளிரவே இல்ல, ஆனா குளிர்ந்துருச்சுன்னு தகவல் மட்டும் போயிருக்கு.

ஆக இதுவரைக்கும் வந்த விஷயம் இவ்வளவுதான்: குளிர் வேற, குளிருதுங்கிற செய்தி வேற. சில நேரம் ரெண்டும் சேந்து வரும், சில நேரம் செய்தி மட்டும் தனியா வரும்.

காலிங் பெல் யாரு அமுக்கினாலும் ஒரே சத்தம்

வீட்டுக்குள்ள சமையக்கட்டுல நிக்கிறீங்க. பெல் அடிக்குது. வாசல்ல நிக்கிறது போஸ்ட்மேனா, பக்கத்து வீட்டுப் பொடியன் விளையாட்டுக்கு அமுக்கிட்டு ஓடுறானான்னு சத்தத்த வெச்சு கண்டுபிடிக்க முடியுமா? முடியாது. பெல்லு ஒண்ணு, சத்தமும் ஒண்ணு.

நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லுக்கும் சுத்தி ஒரு மெல்லிய கொழுப்புத் தோல் இருக்கு, செல் சவ்வும்பாங்க. வெளியில நடக்குற எதுவும் அதத் தாண்டி சும்மா உள்ள வந்துர முடியாது. அதனால வெளிச் சேதி உள்ள போகணும்னா அந்தச் சவ்வுலயே பதிஞ்சு, பாதி வெளியவும் பாதி உள்ளயுமா நிக்கிற ஒரு ஆள் வேணும். அந்த மாதிரி நிக்கிற புரோட்டீனத்தான் ஏற்பின்னு சொல்றோம், காலேஜ்ல ரிசெப்டர்ம்பாங்க. இன்சுலினுக்கு ஒரு ஏற்பி, அட்ரினலினுக்கு ஒரு ஏற்பின்னு விதவிதமா இருக்கு. குளிருக்கான முக்கியமான ஏற்பிதான் டி.ஆர்.பி.எம்.8.

இந்த பெல்ல குளிரும் அமுக்கும். தோலோட சூடு சாதாரணமா 33 டிகிரி செல்சியஸ் பக்கம் இருக்கும், அது ஏறக்குறைய 26, 27 டிகிரிக்குக் கீழ இறங்குனா இந்த ஏற்பி வேலைய ஆரம்பிக்கும். புதினாவுல இருக்குற மென்தாலும் அமுக்கும். நம்ம தைலத்துல பெரும்பங்கா இருக்குற சினியோல்ங்கிற பொருளும் அமுக்கும், ஆனா மென்தால் அளவுக்கு பலமா இல்ல. அதனாலதான் சுத்தமான யூகலிப்டஸ் தைலத்த விட மென்தால் கலந்த பாம் ஜில்லுனு தூக்கலா இருக்கு, நம்ம தைலம் மட்டம்ங்கிறதால இல்ல.

இங்க பேரப்பத்தி ஒரு வார்த்த. நீலகிரியில யூகலிப்டஸ நிறைய பேரு கற்பூர மரம்னுதான் சொல்றோம். வாசன அப்படி இருக்குறதால வந்த பேரு அது. நெசக் கற்பூர மரம் வேற ஜாதி. இது ஆஸ்திரேலியாவுல இருந்து 1843ல இங்க கொண்டுவந்து வெச்சது, அப்புறம் வெறகுக்காக மலை முழுக்க நட்டாங்க. அந்த எலையத்தான் பெரிய அண்டாவுல போட்டு தண்ணி ஊத்தி மூடி அடுப்பெரிச்சுக் காய்ச்சுவாங்க, ஆவி குழாய் வழியா தண்ணித் தொட்டிக்குள்ள போயி குளிர்ந்து சொட்டுச் சொட்டா விழும், தண்ணி மேல தைலம் மிதக்கும், அத அள்ளிக்குவாங்க. சின்ன வயசுல அந்தக் கொட்டகைக்குள்ள நின்னா, பக்கத்துல அடுப்பு நெருப்பா எரியும், மொகமெல்லாம் வேர்க்கும், ஆனா மூக்குக்குள்ள மட்டும் சில்லுனு இருக்கும். ரெண்டு எப்படி ஒண்ணா இருக்க முடியும்னு எனக்கு அப்ப புரியவே இல்ல. இப்ப புரியுது, மொகத்துக்கு நெருப்போட சேதி, மூக்குக்கு சினியோலோட சேதி, ரெண்டும் தனித்தனி பெல்லு.

காரமும் இதே கததான். மொளகாய் பஜ்ஜிய கடிச்சா வாய் "எரியுது"ங்கிறோம்ல, வாய்ல நெருப்பு இல்ல. சூட்டுக்குன்னு இருக்குற ஏற்பி ஒண்ணு, டி.ஆர்.பி.வி.1னு பேரு, 43 டிகிரி பக்கம் போனாத்தான் அடிக்க வேண்டிய பெல்லு, அத மொளகாயில இருக்குற கேப்சைசின் அமுக்கிருது. காரம் நாக்குல தெரியிற ருசியே இல்ல, அது சூடுங்கிற சேதி.

ஜீன்ங்கிறது பின்னல் பேட்டர்ன்

இப்ப ஜீனுக்கு வருவோம், ரொம்பப் பேரு குழம்புறது இங்கதான்.

எங்க பக்கம் வெயில்ல திண்ணையில உக்காந்து உல்லன் நூல்ல ஸ்வெட்டர் பின்னுற அக்காங்கள பாத்திருப்பீங்க. கையில ஒரு பழைய காகிதம் வெச்சிருப்பாங்க, மொத வரிசையில இத்தன கண்ணி, ரெண்டாவது வரிசையில ரெண்டு மேல ரெண்டு கீழன்னு எழுதியிருக்கும். அந்தக் காகிதம் ஸ்வெட்டர் இல்ல. காகிதத்தப் போத்திக்கிட்டா குளிர் நிக்காது. ஆனா அது இல்லாம அந்த ஸ்வெட்டர் வராது.

ஜீன் அந்தக் காகிதம். புரோட்டீன்தான் ஸ்வெட்டர். நம்ம செல்லுக்குள்ள 23 ஜோடி குரோமோசோம் இருக்கு, குரோமோசோம்னா டி.என்.ஏ.ங்கிற நீளமான நூலச் சுருட்டி வெச்ச கட்டு. அதுல ரெண்டாவது குரோமோசோம்ல ஒரு எடத்துல டி.ஆர்.பி.எம்.8 ஜீன் எழுதியிருக்கு. அத வரிசையாப் படிச்சா 1,104 அமினோ அமிலத்த எந்த வரிசையில கோக்கணும்னு தெரியும். அமினோ அமிலம்னா புரோட்டீனோட ஒரு கண்ணின்னு வெச்சுக்கோங்க, மொத்தம் 20 வகை இருக்கு. வரிசைப்படி கோத்து முடிச்சா அது தானா மடிஞ்சு ஒரு உருவத்துக்கு வந்துரும்.

அந்தக் காகிதம் உடம்புல கிட்டத்தட்ட எல்லா செல்லுலயும் இருக்கு. கல்லீரல்லயும் இருக்கு, எலும்புலயும் இருக்கு. ஆனா காகிதம் இருக்குற எல்லா வீட்லயும் ஸ்வெட்டர் பின்னுறதில்லையே. டி.ஆர்.பி.எம்.8ஐ எடுத்துப் படிச்சுப் பின்னுறது முக்கியமா குளிர உணர்ற ஒரு சின்னக் கூட்டம் நரம்பு செல்லுங்கதான், அது தவிர ப்ராஸ்டேட் சுரப்பி மாதிரி சில எடம். "என் உடம்புல அந்த ஜீன் இருக்கா"ன்னு கேக்குறதுல அர்த்தமே இல்லைங்கிறது இதனாலதான். இருக்கு. எல்லாருக்கும் இருக்கு. கன்னியாகுமரிக்காரங்களுக்கும் இருக்கு. கேக்க வேண்டியது எந்த செல்லு பின்னுது, எவ்வளவு பின்னுது, பேட்டர்ன்ல எங்கயாவது எழுத்து மாறியிருக்கான்னுதான்.

ஜீன்: எழுதி வெச்சது. புரோட்டீன்: அத வெச்சு பின்னுனது. ஏற்பி: பின்னுன புரோட்டீன் செல்லு வாசல்ல போய் நின்னு செய்யிற வேலையோட பேரு. இந்த மூணையும் ஒண்ணாப் போட்டு "ஜீன் குளிர் தாங்குது"ன்னு பேசுறதாலதான் எல்லாக் குழப்பமும்.

வாசல் எப்படித் திறக்குது

பெல்லுனு சொன்னது புரியறதுக்காக. நெசத்துல டி.ஆர்.பி.எம்.8 பெல்லு இல்ல, அது ஒரு கேட்டு. பர்லியார் செக்போஸ்ட்ல கேட்டு இறங்கியிருந்தா வண்டியெல்லாம் அங்கயே நிக்கும், தூக்குனா ஒவ்வொண்ணா உள்ள வரும்ல, அந்த மாதிரி.

ஒரு டி.ஆர்.பி.எம்.8 புரோட்டீன் செல் சவ்வ ஆறு தடவ ஊடுருவி, உள்ள வெளிய உள்ள வெளியன்னு தச்ச மாதிரி நிக்கும். அந்த மாதிரி நாலு புரோட்டீன் ஒண்ணா வட்டமா நின்னுக்கும், நடுவுல ஒரு ஓட்ட. சாதாரணமா அந்த ஓட்ட மூடியிருக்கும். தோல் குளிர்ந்தா புரோட்டீனோட வளைவு நெளிவு மாறி ஓட்ட திறக்கும். மென்தால் வந்தா சவ்வுக்குள்ள இருக்குற பகுதியில ஒரு சந்துல போயி உக்காரும், அப்பவும் ஓட்ட திறக்கும். திறந்த உடனே செல்லுக்கு வெளியில காத்துக்கிட்டிருக்குற சோடியம், கால்சியம் அயனிங்க உள்ள பாயும். அயனின்னா மின்சாரம் ஏறுன அணு. நெறய உள்ள வந்தா அந்த எடத்துல மின்னழுத்தம் மாறி ஒரு சின்ன கரன்ட் துடிப்பு கிளம்பி நரம்பு வழியா ஓடும். தண்டுவடம், அங்கிருந்து மூளை. அப்பதான் "ஐயோ குளிருது".

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. கால் கட்டவிரல்ல குளிர உணர்ற அந்த நரம்பு, ஒரே ஒரு செல்லு. அதோட உடம்பு இடுப்புக்கிட்ட முதுகுத்தண்டு ஓரத்துல இருக்கு, வாலு மட்டும் தொட, முழங்கால், பாதம்னு இறங்கி கட்டவிரல் வரைக்கும் போகுது, வளந்த ஆளுக்கு ஒரு மீட்டர் கிட்ட வரும். ஜீன் இருக்குறது இடுப்புல, ஏற்பி வேல செய்யிறது விரல்ல. இடுப்புல பின்னி, அவ்வளவு தூரம் சுமந்து கொண்டுபோயி விரல் நுனி வாசல்ல நிறுத்துது உடம்பு, நம்ம ஷூ இல்லாம பனிப்புல்லுல கால் வெச்சா தெரியணும்ங்கிறதுக்காக.

மென்தாலும் குளிரும் சேந்து வந்தா இன்னும் வேடிக்க. மென்தால் உக்காந்திருந்தா கேட்டு ரொம்பக் குளிர வேண்டியதில்ல, சாதாரண சூட்லயே திறந்துக்கும். புதினா மிட்டாய் சாப்புட்டு பச்சத்தண்ணி குடிச்சா ஐஸ் தண்ணி மாதிரி இறங்குறது இதனாலதான். தண்ணி மாறல, கேட்டு தொறக்குற அளவு மாறிருச்சு.

இன்னொரு கேள்வி கடையில வரும், "மொதல்ல ஜில்லுனு இருந்துச்சு, அப்புறம் ஒண்ணும் தெரியலையே, தைலம் பழசா?" பழசில்லைங்க. கேட்டு வழியா உள்ள வர்ற கால்சியமே கொஞ்ச நேரத்துல கேட்ட அசந்து போக வெச்சுரும். பைக்கரா தண்ணியில கால நனைக்கும்போது மொத நிமிஷம் உயிர் போகும், அப்புறம் பழகிருதுங்கிறமே, அதுலயும் இதுக்கு ஒரு பங்கு இருக்கு.

இந்தப் பகுதி கொஞ்சம் கனம்தான். சுருக்கமா வெச்சுக்கோங்க: குளிரோ மென்தாலோ வந்தா கேட்டு திறக்குது, அயனி உள்ள பாயுது, கரன்ட் கிளம்புது. மூளைக்கு வர்றது கரன்ட் மட்டும்தான், கேட்ட திறந்தது யாருன்னு அதுல எழுதியிருக்காது.

மொதல்ல பாத்தது குளிருக்காக இல்ல

இந்த ஜீன 2001லயே ப்ராஸ்டேட் புற்றுநோய் ஆராய்ச்சி பண்ணவங்க பாத்துட்டாங்க, அங்க அது அதிகமா இருக்குன்னு. அது குளிரோட ஏற்பின்னு அப்ப தெரியாது. அடுத்த வருஷமே, 2002ல, அமெரிக்காவுல ரெண்டு குழு தனித்தனியா அதே ஜீன்ல வந்து நின்னாங்க. சான் ஃபிரான்சிஸ்கோவுல டேவிட் ஜூலியஸ் குழு மென்தாலப் பிடிச்சுக்கிட்டுப் போனாங்க. மென்தாலுக்கு அசையிற எலி நரம்புல எந்தெந்த ஜீன் ஓடுதோ அதையெல்லாம் எடுத்து, அசையாத சாதாரண செல்லுங்களுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா போட்டாங்க. கால்சியம் உள்ள வந்தா மின்னுற ஒரு சாயத்தையும் போட்டு, மேல மென்தால் ஊத்தி, எந்த செல்லு மின்னுதுன்னு தேடினாங்க. மின்னுன செல்லுக்குள்ள இருந்த ஜீன்தான் டி.ஆர்.பி.எம்.8. லா ஹோயாவுல இருந்த ஆர்டெம் படபூஷியன் குழு வேற வழி, சூட்டு ஏற்பிக்குச் சொந்தக்கார ஜீன்கள எழுத்து ஒத்துமைய வெச்சுத் தேடி இதே எடத்துக்கு வந்தாங்க. சூடு, தொடுதல் ரெண்டோட ஏற்பிகளக் கண்டுபிடிச்சதுக்காக ரெண்டு பேருக்கும் 2021ல மருத்துவ நோபல் பரிசு குடுத்தாங்க.

2007ல இந்த ஜீன் இல்லாத எலிய வெச்சுப் பாத்தாங்க. தரையில ஒரு பக்கம் வெதுவெதுப்பு, இன்னொரு பக்கம் குளிர்ச்சி. சாதாரண எலி வெதுவெதுப்புலயே ஒட்டிக்கும், ஜீன் இல்லாத எலி ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்னு சுத்திக்கிட்டு இருந்துச்சு. ஆனா ரொம்பக் கடுங்குளிர அந்த எலியும் கொஞ்சம் ஒதுக்குச்சு, அப்ப உறைபனிக் குளிருக்கு வேற காவலும் இருக்கு, எல்லாத்தையும் இந்த ஒரே ஜீன் தலையில கட்டக்கூடாது.

பேரு ஏன் இப்படி வாயில நுழையாம இருக்குன்னா, டி.ஆர்.பி.ங்கிறது பழ ஈ ஆராய்ச்சியில வந்தது. 1969ல ஒரு வகை ஈ, தொடர்ந்து வெளிச்சத்துல வெச்சா பார்வ மங்கிப்போகுதுன்னு பாத்தாங்க, அதோட கண்ணுல வர்ற கரன்ட் நிலையா நிக்காம சட்டுனு விழுந்துருதுன்னு அந்த அர்த்தத்துல ட்ரான்சியன்ட் ரிசெப்டர் பொடென்ஷியல்னு பேரு வெச்சாங்க, அதோட சுருக்கம்தான் டி.ஆர்.பி. அப்புறம் அதே குடும்பத்துல நெறய ஜீன் கெடச்சது, எம் பிரிவுல எட்டாவது இது. பேருக்கும் குளிருக்கும் சம்மந்தமே இல்ல.

மூக்கு திறக்குதா?

இப்ப கடைக் கேள்விக்கு வரலாம். சளி பிடிச்சா மூக்கடைக்கிறது, மூக்குக்குள்ள ரத்தக்குழாய் வீங்கி சவ்வு பெருத்து வழி குறுகிப்போறதால. தைலத்த கர்ச்சீப்புல விட்டு இழுத்தா "அப்பாடா, திறந்துருச்சு"ங்கிறோம். 1990ல பிரிட்டன்ல கார்டிஃப்ல இத அளந்தே பாத்துட்டாங்க. சளி பிடிச்சவங்களுக்கு மென்தால் மிட்டாய் குடுத்து, காத்து போற வழியில எவ்வளவு தடை இருக்குன்னு கருவியில பாத்தா, எதுவும் மாறல. ஆனா சாப்புட்டவங்க மூக்கு நல்லா விட்டுருச்சுன்னு சொன்னாங்க.

நாம மூச்சு இழுக்கும்போது காத்து உள்ள போறது நமக்கு எப்படித் தெரியுதுன்னா, மூக்குக்குள்ள சவ்வு லேசா குளிர்றத வெச்சுத்தான். டி.ஆர்.பி.எம்.8 கேட்டு திறக்குது, மூளை "காத்து நல்லா போகுது"ன்னு எடுத்துக்குது. மென்தாலும் தைலமும் அதே கேட்ட திறக்குது. மூளைக்கு வர்ற சேதி அதே சேதி. வழி அப்படியேதான் குறுகலா இருக்கு, ஆனா மூச்சு முட்டுற பயம் போயிருது.

அப்போ தைலம் ஏமாத்துதான்னு கேட்டா, நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ராத்திரி ரெண்டு மணிக்கு மூக்கடைச்சு தூக்கம் வராமக் கிடக்குற ஆளுக்கு அந்த ஆறுதல் பெருசு, நானே தலவாணி ஓரத்துல ஒரு சொட்டு விட்டுத்தான் படுப்பேன். ஆனா ஆஸ்துமாக்காரங்க, வீசிங் இருக்குறவங்க, மூக்கு திறந்த மாதிரி இருக்குன்னு இன்ஹேலர விட்டுட்டு தைலத்தையே மோந்துக்கிட்டு இருக்கக்கூடாது. நெஞ்சுக்குள்ள குழாய் சுருங்குனத தைலம் விரிக்காது, சுருங்கலைங்கிற நெனப்ப மட்டும் குடுத்துரும்.

உடம்பு சூட்ட இழுக்குமாங்கிறதுக்கும் பதில் மேல வந்துருச்சு. காய்ச்சல் 102ல இருக்குறப்ப நெத்தியில பாம் போட்டா நெத்தி சில்லுனு இருக்கும், தெர்மாமீட்டர் இறங்காது. அளந்து பாருங்க, கைய வெச்சுப் பாத்து முடிவு பண்ணாதீங்க.

மலைக்காரங்களுக்கு தனி ஜீனா?

இல்லைங்க. மலையில பொறந்ததுனால ஜீன் மாறாது, மூணு நாலு தலமுறை இங்கயே இருந்தாலும் குளிருக்குன்னு தனியா ஒண்ணு மொளச்சு வராது. எங்களுக்குக் குளிர் தெரியாமலும் இல்ல. டிசம்பர் ராத்திரி கரி அடுப்ப சுத்தி உக்காந்திருக்குறவங்கள வந்து பாருங்க. பழக்கம், மங்கிக் கேப்பு, ஸ்வெட்டர், வீட்ட கட்டுன விதம், எந்த நேரத்துக்கு வெளிய போகணும்ங்கிற தெளிவு, இதெல்லாம்தான். மேட்டுப்பாளையத்துல இருந்து மெல்லிசா ஒரு டீ-ஷர்ட்டோட ஏறி வந்து நிக்கிறவருக்கும் எனக்கும் கேட்டு ஏறக்குறைய ஒரே டிகிரியிலதான் திறக்குது.

ஆனா ஜீன்ல ஆளுக்கு ஆள் வித்தியாசமே இல்லையான்னா, இருக்கு. 2018ல வந்த ஒரு ஆராய்ச்சி, டி.ஆர்.பி.எம்.8க்கு பக்கத்துல இருக்குற ஒரே ஒரு எழுத்து மாத்தத்த உலகம் முழுக்க எடுத்துப் பாத்துச்சு. நைஜீரியாவுல 100க்கு 5 அளவுதான் அந்த மாத்தம், ஃபின்லாந்துல 88. வடக்க போகப் போக ஏறிக்கிட்டே போகுது, பல ஆயிரம் வருஷத்துல நடந்த விஷயம் அது. இங்க கவனிக்கணும், அந்த எழுத்து மாத்தம் பேட்டர்னுக்கு உள்ள இல்ல, கொஞ்சம் முன்னாடி, "எத்தன ஸ்வெட்டர் பின்னணும்"னு ஓரத்துல குறிச்சு வெச்ச மாதிரி ஒரு எடத்துல இருக்கு. இன்னொரு ஆச்சரியம், வடக்க அதிகமா இருக்குற அதே மாத்தம்தான் மைக்ரேன் தலைவலி வர்ற வாய்ப்போடயும் சேந்து வருது. குளிருக்கும் தலைவலிக்கும் ஒரே வாசல்ல பங்கு இருக்குங்கிறது சளி பிடிச்ச பாட்டிங்களுக்கு ஆச்சரியமா இருக்காது, எனக்கு இருந்துச்சு. ஆனா அந்த மாத்தம் இருந்தா மைக்ரேன் கட்டாயம் வரும்னு இல்ல, தலையெழுத்து மாதிரி எடுத்துக்காதீங்க.

குளிருக்கு ரெண்டு ரவுண்டு போட்டா சரியாயிடும்னு டூர் வர்ற பசங்க சொல்வாங்க, அதையும் சொல்லிடறேன், இது உயிர் விஷயம். சரக்கு உள்ள போனா தோல்ல இருக்குற ரத்தக்குழாய் விரிஞ்சு சூடான ரத்தம் தோலுக்கு வரும். தோல் சூடானா கேட்டு மூடிக்கும், குளிருதுங்கிற சேதி நின்னுரும். ஆனா அந்தச் சூடு உள்ளுக்குள்ள இருந்து வந்தது, தோல் வழியா வெளிய போய்க்கிட்டே இருக்கு. உடம்பு குளிர்ந்துக்கிட்டு போறப்ப எச்சரிக்க மணிய மட்டும் கழட்டி வெச்ச மாதிரி. தம்பிங்களா, அதப் போட்டுட்டு ராத்திரி பனியில வெளிய போய் உக்காராதீங்க.

கைக்குழந்தைக்கு வேண்டாம்

போன மாசம் ஒரு அக்கா பெரிய பாட்டிலா எடுத்தாங்க, இடுப்புல எட்டு மாசக் கொழந்த. "பாப்பாவுக்கு சளி, மூக்குக்குக் கீழ தடவலாம்லம்மா?"ன்னாங்க. சித்தி பாட்டில திருப்பி வாங்கி வெச்சுட்டு, "வேண்டாம் கண்ணு, ரெண்டு வயசு தாண்டட்டும்"னாங்க. வியாபாரம் போனாலும் அதுதான் சரி. கைக்குழந்தைங்க மூக்குக்கிட்ட மென்தாலோ தைலமோ பலமா போனா, அந்தக் குளிர்ச் சேதிக்கு மூச்சு சட்டுனு நின்னுபோற ஒரு தற்காப்பு அசைவு வந்துரலாம். நமக்கு ஆறுதலா இருக்குற அதே கேட்டு அதுங்களுக்கு ஆபத்து.

அதவிட மோசம், பிள்ளைங்க குடிச்சுடறது. யூகலிப்டஸ் தைலம் வெளிப்பூச்சுக்கு மட்டும்தான். ஒரு டீஸ்பூன் உள்ள போனாலே கொழந்தைக்கு வலிப்பு வரலாம், மயங்கிடலாம். அப்படி ஆச்சுன்னா வாந்தி எடுக்க வைக்காம நேரா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க, பாட்டிலையும் கையோட எடுத்துட்டுப் போங்க. சொட்டு மூடி இருக்குற பாட்டிலா வாங்கி எட்டாத உயரத்துல வைங்க.

கண்ணுலயும் ஒரு கேட்டு

தொட்டபெட்டா மேல காத்துல நின்னா கண்ணுல தண்ணி வருதுல்ல, 2,637 மீட்டர் உயரத்துல காத்து சும்மாவா அடிக்கும். கண்ணோட கருவிழி மேல இருக்குற நரம்புலயும் டி.ஆர்.பி.எம்.8 இருக்கு. கண்ணு மேல இருக்குற ஈரம் காயக் காய அந்த எடம் லேசா குளிரும், கேட்டு திறக்கும், "ஈரம் குறையுது"ன்னு சேதி போகும், கண்ணீர் சுரக்கும். காத்துல மட்டும் இல்ல, இப்ப இத படிச்சுக்கிட்டு இருக்கும்போதும் கண் காயாம இருக்குறதுல அதுக்குப் பங்கு இருக்கு.

இத வெச்சே ஒரு மருந்து வந்துருக்கு. கண் வறட்சி இருக்குறவங்களுக்கு கண்ணீர் மாதிரி ஒரு திரவத்த ஊத்துறதுக்குப் பதிலா, அந்தக் கேட்டையே திறந்து சொந்தக் கண்ணீர சுரக்க வைக்கிற சொட்டு மருந்து, அகோல்ட்ரெமான்னு பேரு, அமெரிக்காவுல 2025 மே மாசம் அனுமதி குடுத்தாங்க. மென்தால் மாதிரியே டி.ஆர்.பி.எம்.8ஐ அமுக்குற ஒரு பொருள்தான், ஆனா கண்ணுக்குன்னே அளந்து செஞ்சது.

இத நான் கடையில ஒருத்தர்கிட்ட சொன்னப்ப, "அப்ப இந்த தைலத்தயே ஒரு சொட்டு கண்ணுல விட்டா?"ன்னு பாட்டில தூக்கிட்டாரு. வேணாம்ணா, விட்டுறாதீங்க. தைலமும் பாமும் கருவிழியப் புண்ணாக்கிரும். தெரியாம கையில இருந்து பட்டுருச்சுன்னா கசக்காம நல்ல தண்ணியில பதினஞ்சு நிமிஷம் விடாம கழுவுங்க, எரிச்சல் நிக்கலைன்னா கண் டாக்டர்கிட்ட அன்னைக்கே போயிருங்க.